ஈறுகளிலிருந்து இரத்தம் வருகிறதா?



காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு வாயிலுள்ள நுரையைத் துப்புகிறீர்கள். வெள்ளை நுரையின் நடுவே ஒரு சிவப்புக் கோடு தெரிகிறது. உடனே என்ன செய்கிறீர்கள்? நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான்: தண்ணீரை ஊற்றி அதைக் கழுவிவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுவிடுகிறோம். விரலில் சிறிது இரத்தம் வந்தால் துணி தேடுகிறோம். கண்ணில் சிறிது சிவப்பு தெரிந்தால் வைத்தியரைத் தேடுகிறோம். ஆனால் வாயில் மாதக்கணக்காக இரத்தம் வந்தாலும், "எனக்கு எப்போதுமே இப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம்.

அந்தமானில் புரோத்ராபூரிலும், அதையடுத்த கராச்சர்மா, டாலிகஞ்ச் பகுதிகளிலும் குடியிருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கட்டட வேலை, கடை வேலை, ஓட்டுநர் வேலை என்று விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர்களுக்குப் பல்லைப்பற்றி நினைக்க நேரமில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனையில் வரிசையில் நிற்பது எளிதல்ல என்பதையும் அறிவேன். என்றாலும் இந்தச் சிவப்புக் கோடு எதைச் சொல்லுகிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது வீட்டிலேயே சரிசெய்யலாம், எப்போது ஒரு நாள் கூலியை விட்டாவது ஓடவேண்டும் என்பது விளங்கும்.

பெரும்பாலும் காரணம் அழுக்கே

ஈறுகளிலிருந்து இரத்தம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் ஒன்றே. பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் படிகிற மெல்லிய, வழவழப்பான, நிறமற்ற ஒரு படலம். நாக்கினால் தடவினால் பல் சொரசொரப்பாக இருக்கிறதே, அதுதான். அது வெறும் உணவுத் துணுக்கு அல்ல. கோடிக்கணக்கான கிருமிகள் ஒட்டிக்கொண்டு வாழுகிற குடியிருப்பு. அவை வெளிவிடுகிற நச்சுப் பொருள்களை எதிர்க்கச் சரீரம் அந்த இடத்திற்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது. ஈறு சிவந்து, வீங்கி, மென்மையாகிவிடுகிறது. பிறகு தூரிகை பட்டாலே போதும், இரத்தம் கசியும்.

இதை ஐயமறக் காட்டிய ஓர் ஆராய்ச்சி 1965-ஆம் ஆண்டில் வெளிவந்தது. டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரில் ஹாரல்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடன் இருந்தவர்களும், ஆரோக்கியமான ஈறுகளையுடைய 12 பேரைப் பல் துலக்குவதை முற்றிலும் நிறுத்திவிடச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்களே. 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. பிறகு மறுபடியும் நன்றாகத் துலக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லாருடைய ஈறுகளும் பழைய நிலைக்குத் திரும்பின. மருந்து இல்லை, ஊசி இல்லை, துலக்கியது மட்டுமே.

இந்த ஆராய்ச்சியை நான் குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. இரத்தம் வருகிறது என்று கண்டவுடன் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறவர்கள் அநேகர். "புண்ணாக இருக்கிறது, ஆறட்டும்" என்று நினைத்து, விரலால் பசையைத் தடவிக் கொப்பளித்துவிடுகிறார்கள். இதனால் அழுக்கு இன்னும் சேருகிறது. இரத்தம் இன்னும் வருகிறது. பயம் இன்னும் கூடுகிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. மென்மையான தூரிகையால், அழுத்தாமல், ஆனால் அந்த இடத்தை விட்டுவிடாமல் துலக்க வேண்டும். முதல் சில நாட்கள் இரத்தம் வரத்தான் செய்யும். ஒன்றிரண்டு வாரங்களில் அது குறைந்து நின்றுவிட்டால், காரணம் அழுக்கே என்று அறிந்துகொள்ளலாம்.

அப்படியும் நிற்கவில்லையென்றால், காரை கட்டியிருக்கக்கூடும். அகற்றப்படாத படலத்தின்மேல் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்துப் படிந்து சில நாட்களிலேயே கெட்டியாகத் தொடங்குகிறது. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கல்போல ஒட்டியிருப்பதை நீங்களே கண்ணாடியில் பார்க்கலாம். இது தூரிகைக்கு அசையாது. உப்பு வைத்துத் தேய்த்தாலும் போகாது. பல் மருத்துவரே கருவியினால் எடுக்க வேண்டும். இதைத்தான் ஸ்கேலிங் என்கிறார்கள்.

"ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும்" என்ற பயம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நடப்பது என்னவென்றால், பற்களுக்கு இடையே காரை சிமெண்டைப்போல அடைத்திருக்கிறது. அதன் அடியில் எலும்பு கரைந்துகொண்டே வந்திருக்கிறது. காரையை எடுத்தவுடன் மறைந்திருந்த இடைவெளியும் ஆட்டமும் வெளியே தெரிகின்றன. ஆட்டத்தை உண்டாக்கியது ஸ்கேலிங் அல்ல, அதற்குமுன் கழிந்துபோன ஆண்டுகளே.

இங்கேதான் விஷயம் கவலைக்குரியதாகிறது. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் நிலை முழுவதும் குணமாகக்கூடியது. ஆனால் கிருமிகள் ஈறுக்குக் கீழே இறங்கி, பல்லைத் தாங்குகிற எலும்பை அரிக்கத் தொடங்கிவிட்டால், கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது. அந்த இடத்தில் நோயை நிறுத்தலாம். இழந்ததை முழுவதும் மீட்க இயலாது. இதில் வலி பெரும்பாலும் இருப்பதில்லை என்பதுதான் கொடுமை. சொத்தைப்பல் இரவெல்லாம் தூங்கவிடாமல் நம்மை வைத்தியரிடம் துரத்துகிறது. ஈறு நோயோ சத்தமில்லாமல் வேலை செய்துவிட்டு, பூச்சியே இல்லாத நல்ல பல்லைக் கையில் உதிர்த்துக் கொடுக்கிறது.

பல்பொடியும் புகையிலையும்

ஊரில் ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கொண்டு வளர்ந்தவர்கள் நாம். குச்சியின் நுனியை நன்றாக மென்று நாராக்கி நிதானமாகத் துலக்கினால் அதிலும் பயனுண்டு. ஆனால் செங்கற்பொடி, அடுப்புக்கரி, மணல் கலந்த சாம்பல் ஆகியவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து ஈறையும் கிழிக்கின்றன. சிவப்பு நிறப் பல்பொடியைப்பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது நல்லதா கெட்டதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். துப்புகிற நுரையே சிவப்பாக இருந்தால், அதில் இரத்தம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு வாரம் வெள்ளைப் பசைக்கு மாறிப் பாருங்கள்.

புகையிலை கலந்த பல்பொடியினால் பல் துலக்கும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. பல் துலக்கும் பொருள்களில் புகையிலை சேர்ப்பதை 1992-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது. அப்படியிருந்தும் புகையிலைத் தூளை "பல்வலிக்கு நல்லது" என்று ஈறில் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வலியைச் சற்று மரத்துப்போகச் செய்யும். நோயைத் தொடாது, புது நோயையும் சேர்த்துக் கொடுக்கும்.

பாக்கு அந்தமானின் முக்கியமான தோட்டப் பயிர்களில் ஒன்று. வீட்டுக் கொல்லையிலேயே பாக்கு மரம் நிற்கும்போது, வெற்றிலை போடுவது ஒரு பழக்கமாகவே தோன்றுவதில்லை. அதோடு கைனியும் குட்காவும் சேர்ந்துகொள்கின்றன. இரவுக் காவல் வேலைக்கும் பாரம் தூக்கும் வேலைக்கும் அது துணையாகிவிடுகிறது. கன்னத்தில் அடக்கிவைக்கிற இடத்தில் ஈறு சுருங்கி, பல்லின் வேர் வெளியே தெரிகிறது. பாக்கில் புகையிலை இல்லாவிட்டாலும் அதுவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியிருக்கிறது. வாய் முழுவதும் திறக்க முடியாமல் இறுகிக்கொண்டே வந்தால், மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியாவிட்டால், ஈறைப்பற்றி யோசிப்பதைவிட அவசரமான காரியம் அங்கே இருக்கிறது.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வினோதம் நிகழ்கிறது. அவர்களுடைய ஈறுகளிலிருந்து பெரும்பாலும் இரத்தம் குறைவாகவே வரும். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருக்கும். வெளியே ஈறு நன்றாயிருப்பதுபோலத் தெரியும். எச்சரிக்கை மணியின் நாக்கை அறுத்துவிட்டதற்கு இது சமம். புகைப்பதை விட்டுவிட்ட சகோதரர் ஒருவர், "விட்ட பிறகுதான் இரத்தம் வருகிறது" என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். ஈறு மறுபடியும் உயிர்பெற்று உண்மையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. மீண்டும் பீடிக்குத் திரும்பாமல், பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

உபவாச நாட்களைப்பற்றியும் சிலர் கேட்பதுண்டு. வாயில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று எண்ணி, மூன்று நாள், ஏழு நாள் பல் துலக்காமல் இருக்கிறவர்கள் உண்டு. உணவு சாப்பிடாவிட்டாலும் வாயிலுள்ள கிருமிகள் உபவாசம் இருப்பதில்லை. எச்சில் குறைந்து வாய் உலர்வதால் படலம் இன்னும் எளிதாகப் படிகிறது. வாயைச் சுத்தம்பண்ணுவது போஜனம் அல்ல. துலக்கிக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

கடலும் எலுமிச்சம்பழமும்

"ஈறில் இரத்தமா? வைட்டமின் சி குறைவு" என்று மருந்துக் கடைக்காரர் ஒரு அட்டை மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது கடலோடு சம்பந்தப்பட்ட கதை. கடலைக் கடந்து வந்து குடியேறிய நமக்கு அது அந்நியமானதல்ல.

வாஸ்கோ ட காமா 1498-இல் நம் மேற்குக் கரையைவிட்டுத் திரும்பிப் போனபோது, காற்று வாய்க்காமல் அரபிக் கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. மாலுமிகளின் ஈறுகள் பற்களை மூடுமளவுக்கு வீங்கின. அவர்களால் உண்ண முடியவில்லை. அந்தக் கடப்பில் மட்டும் 30 பேர் இறந்ததாக அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு கூறுகிறது. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தியை அடைந்ததும் நோயாளிகள் ஏங்கியது ஆரஞ்சுப் பழங்களுக்காக. அதன்பின் 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், இந்நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். வினிகர், கடல்நீர், ஆப்பிள் மது முதலியவை கொடுக்கப்பட்டன. நாளொன்றுக்கு இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவாகத் தேறினார்கள். அவர்களில் ஒருவர் ஆறே நாட்களில் வேலைக்குத் திரும்பத் தகுதியானார். ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இல்தான். இடையே கழிந்த ஆண்டுகளில் எத்தனை மாலுமிகள் மாண்டார்களோ!

காரணம் என்ன? சரீரத்தின் தசைநார்களையும் இரத்தக் குழாய்களின் சுவர்களையும் கட்டிவைக்கிற கொலாஜன் என்ற பொருளை உண்டாக்க வைட்டமின் சி வேண்டும். ஆடு, மாடு, நாய் ஆகியவை இதைத் தங்கள் சரீரத்திலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. மனிதனுக்கு அந்தத் திறன் இல்லை. ஒன்று முதல் மூன்று மாதங்கள் இந்தச் சத்து அறவே கிடைக்காவிட்டால் ஈறு வீங்கும், இரத்தம் கசியும், தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், பழைய காயங்களும் ஆறாது.

நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு இந்த நோய் வருவது அரிது. ஆகையால் அழுக்கை அகற்றாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவதால் பயனில்லை. அப்படியானால் யாருக்கு வரும்? தனியாக அறை எடுத்துத் தங்கி, மூன்று வேளையும் சோறும் குழம்பும், அல்லது பரோட்டாவும் தேநீரும் என்று காலம் தள்ளுகிற வாலிபருக்கு வரலாம். குடிப்பழக்கமுள்ளவருக்கு வரலாம். பல் இல்லாததால் கஞ்சியும் ரொட்டியும் மட்டும் உண்ணுகிற முதியவருக்கு வரலாம். தீவுகளில் காய்கறி விலை நமக்குத் தெரியும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதித்தால் கடையில் விலை ஏறிவிடும். ஆனால் ஈறுக்கு வேண்டியது கப்பலில் வருவதல்ல. இந்த மண்ணிலேயே காய்க்கிற கொய்யா 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தோடு அன்றைய தேவை தீர்ந்தது. பப்பாளி, முருங்கைக்கீரை, எலுமிச்சை, நெல்லிக்காய் எல்லாம் நல்லவையே. கொதிக்கும்போது இந்தச் சத்து அழிந்துபோவதால், எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள்.

சர்க்கரை, கர்ப்பம், மாத்திரை

பல்லை ஒழுங்காகத் துலக்கியும் ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் பிடிக்கிறதா? இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். தங்களுக்கு நீரிழிவு இருப்பதைப் பல் மருத்துவரிடம் போன பிறகே அறிந்துகொண்டவர்கள் உண்டு. சர்க்கரை அதிகரித்தால் ஈறு நோய் முற்றுகிறது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றதற்கும் ஓரளவு நன்மை உண்டாகிறது.

கர்ப்பவதிகளான சகோதரிகளுக்கு இரண்டாம் மாதத்திலிருந்தே ஈறு சிவந்து இரத்தம் கசியலாம். ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சிறிய அழுக்குக்கும் பெரிதாக எதிர்வினை காட்டுகிறது. சிலருக்குப் பற்களுக்கு இடையே சிவப்பான சிறு கட்டிபோல வளருவதும் உண்டு. பெயரைக் கேட்டால் பயமாயிருக்கும், ஆனால் அது புற்றுநோய் அல்ல, பிரசவத்திற்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். "பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பல் வைத்தியம் கூடாது" என்று மாமியார் சொன்னால், பணிவோடு ஒன்றைச் சொல்லுங்கள்: பல்லைச் சுத்தம்பண்ணுவதற்கு எந்த மாதத்திலும் தடையில்லை, மற்ற சிகிச்சைகளுக்கு நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். கர்ப்பமாயிருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இருதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கச் செய்யும் மாத்திரைகளை உட்கொள்ளுகிறவர்களுக்கு ஈறில் இரத்தம் எளிதாக வரும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின், நிஃபெடிபின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்கின்றன. ஒரு காரியத்தைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: இரத்தத்தைக் கண்டு பயந்து இந்த மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஈறில் கசிகிற இரத்தம் உயிரை எடுப்பதில்லை. திடீரென நிறுத்திய இருதய மாத்திரை எடுத்துவிடக்கூடும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே சென்று கேளுங்கள்.

காய்ச்சலோடு வந்தால் காத்திராதேயுங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் நாட்கணக்கில் பொறுத்துப் பார்க்கக்கூடியவை. இனிச் சொல்வது அப்படியல்ல.

மே மாதம் தொடங்கி ஆண்டின் இறுதிவரை மழை பெய்கிற தீவு இது. தகரக் கூரையின் ஓரத்தில் தண்ணீர் பிடிக்கும் டிரம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் எல்லாம் கொசுவுக்கு வீடு. டெங்குக் காய்ச்சலில் இரத்தத் தட்டுகள் குறையும்போது ஈறிலிருந்தும் மூக்கிலிருந்தும் இரத்தம் வரலாம். அபாயம் பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான், ஏறக்குறைய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டது" என்று வீட்டார் நிம்மதியடையும் அதே நாளில் ஈறில் இரத்தம், கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மயக்கம், கைகால் குளிர்ந்துபோதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்டால், இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தும்.

இன்னொன்று எலிக்காய்ச்சல். 1980-களின் இறுதியில் இத்தீவுகளில் மழைக்காலத்தில் காய்ச்சலும் இரத்தக் கசிவும் சேர்ந்து பலரைத் தாக்கியபோது, காரணம் தெரியாமல் அதை அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே அழைத்தார்கள். அது எலிக்காய்ச்சலே என்று 1990-களில்தான் கண்டறியப்பட்டது. எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் காலில் புண்ணோடு நடக்கிறவர்களுக்கு இது தொற்றுகிறது. அதன் கொடிய வடிவத்தில் நுரையீரலில் இரத்தம் கசிந்து இருமலோடு வெளியே வரும். அதைப் "பல்லிலிருந்து வருகிறது" என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. வாயைக் கொப்பளித்துவிட்டு இருமிப் பாருங்கள்; மறுபடியும் சிவப்பாக வந்தால் ஈறின்மேல் பழிபோடாதீர்கள்.

காய்ச்சல் இல்லாமலும் சில அடையாளங்கள் அவசரமானவை. அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள், சிவப்புப் புள்ளிகள், நாளுக்குநாள் வெளுத்துப்போகும் முகம், ஓயாத களைப்பு இவற்றோடு ஈறும் வீங்கி இரத்தம் வடிந்தால், இரத்தப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கல்லீரல் கெட்டவர்களுக்கும் இரத்தம் உறைவது தாமதமாகி ஈறு கசியும். இவை அரிதானவை. ஆனால் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு சிறிது.

மருத்துவரிடம் போகும்போது

தலைநகரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கிற போர்ட் பிளேரில், கோவிந்த வல்லப பந்த் அரசு மருத்துவமனை இருக்கிறது. பல் மருத்துவப் பிரிவும் அங்கே உண்டு. சந்தையோரத்தில் பெட்டி வைத்துப் பல் கட்டுகிறவர்களிடம் காரை எடுக்கப் போகாதீர்கள். அவர்கள் ஆசிட் போன்ற திரவத்தால் தேய்த்துப் பல்லை வெளுப்பாக்கி அனுப்பினால், காரையோடு பல்லின் பூச்சும் போய்விடும்.

மொழி தெரியாமல் தயங்குகிற தாய்மார்கள் உண்டு. ஈறுக்கு இந்தியில் "மசூடா" என்பார்கள். "மசூடோன் ஸே கூன் ஆத்தா ஹை" என்றால் விளங்கிவிடும். எத்தனை நாளாக வருகிறது, துலக்கும்போது மட்டுமா அல்லது தானாகவே வருகிறதா, தலையணையில் காலையில் கறை இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அட்டை சொல்லும். வெற்றிலை, கைனி, பீடிப் பழக்கம் இருந்தால் சபைக்குத் தெரிந்துவிடுமோ என்று அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. மென்மையான தூரிகையைப் பல்லும் ஈறும் சேருமிடத்தில் சாய்வாக வைத்து, சிறு சிறு அசைவுகளாக இரண்டு நிமிடம், காலையிலும் படுக்கப்போகுமுன்னும் துலக்குங்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவை விட்டுவிடாதீர்கள்; தூங்கும்போது எச்சில் குறைவதால் கிருமிகளுக்கு அதுவே அறுவடைக் காலம். இளஞ்சூடான ஒரு தம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கொப்பளிப்பது வீக்கத்தைச் சற்றுத் தணிக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் செய்யலாம், விழுங்காமல் துப்பிவிட்டால் போதும். மருத்துவர் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து கொடுத்தால் அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதிக நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும். தூரிகையின் நார்கள் விரிந்துவிட்டால், அல்லது மூன்று மாதம் ஆகிவிட்டால், மாற்றிவிடுங்கள். வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே தூரிகை என்ற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆளுக்கொன்று வாங்குங்கள்; எது யாருடையது என்று குழப்பம் வராமலிருக்க, பிடியில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவைத்தால் சிறு பிள்ளைகளும் தங்களுடையதை எடுத்துக்கொள்வார்கள்.